உணவு சொல்லும் உரிமை யாருக்கு?



சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்று பொருள். ஒரு பக்கம் போனால் அலோர் காஜா. மறு பக்கம் போனால் நெகிரி செம்பிலான் எல்லை. வழி தெரியாதவன் நாற்சந்தியில் நின்று நான்கு பேரைக் கேட்டால், நான்கு பேரும் நான்கு திசையில் கை நீட்டுவார்கள். கிளினிக்குக்குப் போய், "உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறது" என்று கேட்டுவிட்டு வீடு திரும்பும் நம் அக்காமார், அண்ணன்மார் நிலையும் இதுதான். "சோற்றையே நிறுத்து" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "பாகற்காய்ச் சாறு குடி, மாத்திரை எதற்கு?" என்கிறார் மாமா. "இந்த டப்பாவில் உள்ள பொடியைக் கரைத்துக் குடித்தால் மூன்று மாதத்தில் நோய் ஓடிவிடும்" என்கிறார், திருமண வீட்டில் அறிமுகமான விற்பனையாளர். கைப்பேசி வேறொன்றைச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

நோயாளிக்கு உணவு இன்னதென்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு, அந்த உரிமையைப் பெற அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதை நம் நாட்டில் இன்று சட்டம் வகுத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 774-ஆம் சட்டம் அது. அந்தச் சட்டம் வந்து சேர்ந்த கதையைத்தான் இந்தப் பேச்சில் நாம் பார்க்கப் போகிறோம். இது கோலாலம்பூரில் பெரிய மனிதர்கள் கூடிப் பேசி முடித்த காரியம் மட்டும் அன்று. தோட்டத்து லயங்களில் கொதித்த சோற்றுப் பானையும் இந்தக் கதைக்குள் இருக்கிறது.

நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்வோம். 1896-இல் டான் சாய் யான் என்பவர் நம் மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னும் இடத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். அந்தக் காலத்தில் சுரங்கத்திலும் சிறையிலும் ஆஸ்பத்திரியிலும் ஆட்களை வாரிக்கொண்டு போன நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் தளர்ந்து உயிர் போகும். கிருமியா, விஷக் காற்றா, ஈர மண்ணா, எது காரணம் என்று அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு புதிரை அவர்கள் கண்டார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய லியோனார்ட் பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர், யாருக்கு இந்த நோய் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்று பல ஆண்டுகள் கணக்கெடுத்து, 1907-இல் ஒரு நூல் வெளியிட்டார். சீனத் தொழிலாளருக்கு நோய் மிகுதி. தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திச் சமைத்த மலாய்க் குடியானவருக்கு நோய் அருமை. தோட்டத்துத் தமிழருக்கும் அப்படியே. எல்லோரும் ஒரே மண்ணில்தான் வாழ்ந்தார்கள். ஒரே மழையில்தான் நனைந்தார்கள். வேறுபாடு அரிசியில் இருந்தது. சீனர் உண்டது ஆலையில் பளபளவெனத் தீட்டிய சயாம் வெள்ளரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி.

பிராடன் ஐயப்பட்டதை வேறு சிலர் சோதித்துப் பார்த்தார்கள். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றை எண்காரருக்கு வெள்ளரிசி; இரட்டை எண்காரருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வெள்ளரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டிருந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை.

அடுத்த சோதனை நமக்கு அண்டையிலேயே நடந்தது. நெகிரி செம்பிலான் ஜெலுபு வட்டாரத்தில் டுரியான் தீபூஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1907-இல் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. அவர்களைப் புழுங்கல் அரிசிக்கு மாற்றியதும் நோய் நின்றது. ஆட்களை இடம் மாற்றி வைத்தும் பார்த்தார்கள். நோய் இடத்தோடு போகவில்லை, அரிசியோடு போயிற்று. 1909-இல் இந்த முடிவு வெளியானது. அடுத்த ஆண்டு மணிலாவில் கூடிய கீழை நாட்டு மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளரிசியையே ஓயாமல் உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானம் நிறைவேற்றியது.

காரணம் என்ன? நெல்லின் தவிட்டில் ஒரு சத்து இருக்கிறது. பி-1 வைட்டமின் என்று இன்று அதைச் சொல்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். "வைட்டமின்" என்ற சொல்லே 1912-இல்தான் பிறந்தது. 1926-இல் ஜாவாவில் அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியை ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டார். அவர் பிறந்தது பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்போம். நம் பாட்டிமார் பெரிபெரிக்கு மருந்தென்று நெல்லை அவிக்கவில்லை. பழகிய சோறு, பழகிய வாசம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பானையில் பெரிய மருத்துவர்களும் அறியாத ஒரு காவல் இருந்தது. இதில் நாம் பெருமை கொள்ளலாம். அதே சமயம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஏன் நல்லது என்று தெரியாத பழக்கத்தைக் காப்பாற்றுவது கடினம். ஆலை அரிசி மலிவாகக் கிடைத்தால், அல்லது வேறு அரிசியே கிடைக்காமற் போனால், பழக்கம் போய்விடும். அதோடு காவலும் போய்விடும்.

அப்படியே நடந்தது. 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. தோட்டங்களில் அரிசி அருகி மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு போனார்கள். அந்த முகாம்களில் சத்தில்லாத அரிசியும் கைப்பிடி உப்பும்தான் உணவு. காலராவும் மலேரியாவும் கொன்றதற்கு மேல் பெரிபெரியும் கொன்றது. தாத்தாவுக்கு முன்பே தெரிந்த அரிசி எது என்று அங்கே யாரும் அவரைக் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது போர்க்காலத்தில் மட்டும் அன்று. மனநோய் விடுதியில் வெள்ளரிசி உண்டு மாண்ட 18 பேரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. டுரியான் தீபூஸ் சாலைத் தொழிலாளரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் உடலால் உலகத்துக்கு நன்மை விளைந்தது உண்மை. ஆனால் ஏழையின் தட்டில் எதை வைக்கலாம், அதை யார் முடிவு செய்யலாம், தவறினால் யாரிடம் முறையிடுவது என்பதற்கெல்லாம் அன்று சட்டமே இல்லை. நாம் சொல்ல வந்த வரலாற்றின் மையம் இதுவே. அறிவு முதலில் வந்தது. பொறுப்பு பின்னால் வந்தது. சட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது.

தமிழகத்துப் பக்கமும் ஒரு பார்வை பார்ப்போம். நீலகிரியில் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார். ஒரு சிறிய அறையில் தொடங்கிய அந்த முயற்சி வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர் இந்தியாவின் தேசிய சத்துணவுக் கழகம் ஆயிற்று. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் அதன் இயக்குநராக இருந்து உலகப் புகழ் பெற்றார். பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருப்பதையும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது இல்லாததையும் குன்னூர் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார்கள். மலாயாவில் கண்ட உண்மை இந்தியாவிலும் நின்றது.

இனி, "உணவு சொல்வதே ஒரு தொழில்" என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1917-இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் உணவுமுறை வல்லுநர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் உலகப் போர்க்காலம் அது. இருக்கும் உணவை வீணாக்காமல் நோயாளிக்கும் வீரருக்கும் பங்கிட்டுக் கொடுக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1922 ஜனவரியில், கனடாவின் டொரோண்டோ நகரில் நீரிழிவால் சாகக் கிடந்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதுவரை நீரிழிவுக்குப் பட்டினிதான் மருந்து. இன்சுலின் உயிரைக் காத்தது. ஆனால் புதிய பொறுப்பு ஒன்றையும் கொண்டு வந்தது. ஊசியின் அளவும் உண்ணும் அளவும் ஒத்துப்போக வேண்டும். ஊசி போட்டுவிட்டு உண்ணாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. ஆகவே உணவை எடை போட்டுக் கணக்கிடும் ஆள் ஆஸ்பத்திரிக்கு இன்றியமையாதவர் ஆனார். 1924-இல் எடின்பரோ ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த ரூத் பைபஸ் அம்மையார் பிரிட்டனின் முதல் உணவுமுறை வல்லுநராகப் பணியேற்றார். 1936-இல் பிரிட்டிஷ் சங்கம் அமைந்தது.

சங்கம் அமைந்தால் போதாதா, அரசு எதற்கு என்று கேட்கலாம். சங்கம் தன் உறுப்பினரைக் கண்டிக்கலாம்; நீக்கலாம். நீக்கப்பட்டவர் எதிர்க்கடையில் பலகை மாட்டிக்கொண்டு அதே தொழிலைச் செய்தால் சங்கம் என்ன செய்யும்? சங்கத்தில் சேராதவரை அது எப்படிக் கேட்கும்? லாரி ஓட்டுநர் சங்கம் லைசென்ஸ் கொடுக்க முடியாது. அரசுதான் கொடுக்க முடியும். நாம் பஸ்ஸில் ஏறும்போது ஓட்டுநரைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நமக்காக முன்பே ஒருவர் சோதித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணயர்கிறோம். அந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் பதிவு. பிரிட்டன் 1960-இல் மருத்துவத் துணைத் தொழில்கள் சட்டம் இயற்றியபோது, உடற்பயிற்சி மருத்துவர், எக்ஸ்ரே எடுப்பவர் முதலியோருடன் உணவுமுறை வல்லுநரையும் அரசுப் பதிவேட்டில் சேர்த்தது.

நம் தோட்டங்களுக்குப் பதிவு என்பது புதிதன்று. டிரெசர் ஐயாவை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் அவர். அரிவாள் வெட்டுக்குத் தையல் போட்டவர் அவர். "இன்று வேலைக்குப் போக வேண்டாம்" என்று சீட்டு எழுத அதிகாரம் பெற்றவரும் அவரே. பெரிய டாக்டர் எப்போதாவது வருவார். டிரெசர் எப்போதும் இருப்பார். அவர் நன்கு பயின்றவராக இருந்தால் தோட்டத்தின் நற்பேறு. இல்லாவிட்டால் யார் கேட்பது? 1965-ஆம் ஆண்டில் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. தகுதியைப் பார்த்துப் பெயரைப் பதிவு செய்த பிறகே ஒருவர் அந்த வேலையைச் செய்யலாம் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. தோட்டத்து மக்களின் உடல்மீது அதிகாரம் செலுத்துபவர் முதலாளிக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள்.

உணவுமுறை வல்லுநருக்கு அந்த ஒழுங்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் இத்துறைக்குப் பட்டப்படிப்பு ஏற்பட்டது. உடலியங்கியல், வேதியியல், நோய்களின் தன்மை, உணவின் கூறுகள் எல்லாம் படித்து, ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளிடையே பயிற்சியும் பெற்றுப் பட்டம் வாங்குகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் அவர்களுக்குப் பதவி உண்டு. பெகாவாய் டயட்டெட்டிக் என்று மலாயில் சொல்வார்கள். அரசு வேலையில் இருந்தவருக்கு அரசின் கட்டுப்பாடு இருந்தது. வெளியிலோ, யார் வேண்டுமானாலும் கதவில் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை நீடித்தது. நான்கு ஆண்டு படித்தவரும், நான்கு நாள் விற்பனைப் பயிற்சி பெற்றவரும் ஒரே பெயரைச் சூட்டிக்கொண்டால், தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா எப்படிப் பிரித்தறிவார்?

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது 774-ஆம் சட்டம், 2016-இல் இயற்றப்பட்டது. 2020 ஜூலை 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 23 தொழில்கள் அதன் பட்டியலில் உள்ளன. அவற்றுள் உணவுமுறை வல்லுநர் ஒருவர். சத்துணவு அலுவலரும் தனியே இடம் பெற்றிருக்கிறார். சட்டம் செய்வதை எளிமையாகச் சொன்னால் நான்கு. முதலாவது, ஒரு மன்றத்தை அமைத்துப் பதிவேட்டை அதன் கையில் கொடுக்கிறது. இரண்டாவது, ஏற்கப்பட்ட கல்வித் தகுதி உள்ளவரையே பதிவு செய்கிறது. மூன்றாவது, பதிவோடு நில்லாமல், தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும் என்கிறது. நான்காவது, தவறு செய்தவரை விசாரிக்கவும், வேண்டுமானால் பெயரை நீக்கவும் வழி வைத்திருக்கிறது.

உணவுமுறை வல்லுநரும் சத்துணவு அலுவலரும் ஒருவரல்லர் என்பதைப் பலர் அறிவதில்லை. ஊரில் பிள்ளைகளின் எடை சரியாக இருக்கிறதா, கருவுற்ற தாய் என்ன உண்ண வேண்டும், நோய் வராமல் காப்பது எப்படி என்று பொதுமக்களுக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் சத்துணவு அலுவலர் வேலை. நோய் வந்தவருக்கு அந்த நோய்க்கேற்ப உணவை அளந்து வகுப்பது உணவுமுறை வல்லுநர் வேலை. இருவருக்கும் எல்லை உண்டு. நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதும், மருந்தின் அளவை மாற்றுவதும் டாக்டருடைய பொறுப்பு. உணவைப் பற்றிப் பேச வந்த எவராவது, "மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்று சொன்னால், அவர் தம் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று நாம் உடனே தெரிந்துகொள்ளலாம்.

இந்த எல்லைகள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி; வாழைப்பழம் நல்லது; கீரை நல்லது. இவை மூன்றும் உண்மைதான். ஆனால் நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இந்த மூன்றுமே ஆபத்தாகலாம். இவற்றில் பொட்டாசியம் என்னும் உப்பு மிகுதி. நல்ல சிறுநீரகம் மிகுந்ததை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் அந்த உப்பு ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடக் கூடும். அப்படிப்பட்டவருக்குக் காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடச் சொல்வார் உணவுமுறை வல்லுநர். "கஞ்சியை வடித்துக் கொட்டாதே, சத்தெல்லாம் போய்விடும்" என்று பெரிபெரிக் காலத்தில் சொன்னதும் சரி. "வெந்த நீரைக் கொட்டு" என்று இன்று ஒருவருக்குச் சொல்வதும் சரி. எந்த உடம்புக்கு எது என்று தெரிவதே படிப்பு. அன்போடு இளநீர் வெட்டிக் கொண்டு வரும் உறவினருக்கு அது தெரியாது. அவர்மேல் குற்றமில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது குற்றம்.

இது நமக்கு எவ்வளவு நெருங்கிய காரியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்வோம். 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31.4 பேர். ஏறக்குறைய மூவரில் ஒருவர்! பெரிபெரிக்குத் தப்பிய சமூகம் இன்று நீரிழிவுக்கு முன்னால் நிற்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், நிரையில் நாளெல்லாம் நடந்து பால்மரம் சீவிய உடம்பு இன்று பலருக்கு இல்லை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்து ஆலைகளில் நின்ற இடத்தில் வேலை செய்கிறார்கள். உழைப்பின் வகை மாறிற்று. ஆனால் சோற்றின் அளவு அன்றுபோலவே இருக்கிறது. கெட்டிப்பால் ஊற்றிய தே வேறு, நாளுக்கு நான்கு முறை.

புழுங்கல் அரிசிக்கு மாறினால் இனிப்பு நீர் போய்விடுமா என்று சிலர் கேட்கிறார்கள். போகாது. பெரிபெரி ஒரு சத்துக் குறைவால் வந்த நோய். அந்தச் சத்தைக் கொடுத்தால் தீர்ந்தது. நீரிழிவு அப்படிப்பட்டதன்று. புழுங்கல் அரிசியும் அரிசிதான். அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு நோய்க்கு ஒரு பொருள் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. உங்கள் வேலை, மருந்து, சிறுநீரகத்தின் நிலை, வீட்டின் வருமானம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தட்டை வகுக்க வேண்டும். டப்பாப் பொடிக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. 774-ஆம் சட்டம் தொழில் செய்பவரைக் கவனிக்கிறது. பொடி விற்பவர், "நான் வல்லுநர் என்று சொல்லவில்லையே, என் அனுபவத்தைத்தான் சொன்னேன்" என்று நழுவப் பார்ப்பார். அவருக்கும் ஒரு சட்டம் உண்டு. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் முதலியவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சித்த வைத்தியம், ஆயுர்வேதம் போன்ற மரபு மருத்துவம் செய்பவருக்காக 775-ஆம் சட்டம் அதே 2016-இல் தனியே வந்திருக்கிறது. ஆக, டாக்டரானாலும் வைத்தியரானாலும் உணவு சொல்பவரானாலும், பெயரும் தகுதியும் ஓர் ஏட்டில் இருக்க வேண்டும் என்பதே இன்றைய முறை. இந்தியாவும் 2021-இல் துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றிச் சத்துணவுத் துறையினரை அதன்கீழ்க் கொண்டு வந்திருக்கிறது.

ஆனால் ஏடு அலமாரியில் இருந்தால் பயனில்லை. அதைத் திறக்கச் சொல்லிக் கேட்பவர் வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த நமக்குப் பெரியவர்களிடம் சான்றிதழ் கேட்பது கூச்சம். "படித்தவர் போல் பேசுகிறார், நாம் எப்படிக் கேட்பது?" என்று தயங்குகிறோம். கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்கத்தான் சட்டம் வந்தது. அடுத்த முறை யாராவது உங்கள் நோய்க்கு உணவு சொல்லிக் காசு கேட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். "நீங்கள் மன்றத்தில் பதிவு செய்தவரா? சான்றிதழைக் காட்ட முடியுமா?" என்பது முதற்கேள்வி. "என் இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மருந்துகளையும் பார்த்தீர்களா?" என்பது இரண்டாவது. "நீங்கள் சொல்வதை நான் என் டாக்டரிடம் சொல்லலாமா?" என்பது மூன்றாவது. உண்மையான வல்லுநர் மூன்றுக்கும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். மற்றவர் கோபப்படுவார். அந்தக் கோபமே உங்களுக்குப் போதிய பதில்.

இன்னொன்று. அரசு கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும்போது, "உணவுமுறை வல்லுநரைப் பார்க்க எழுதிக் கொடுங்கள்" என்று நீங்களே கேட்கலாம். போகும்போது ஒரு வாரம் என்னென்ன உண்டீர்கள் என்று பிள்ளைகளை எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். தே எத்தனை, சீனி எத்தனை கரண்டி, இராத்திரிச் சோறு எத்தனை அகப்பை என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதுங்கள். மொழி தடையாக இருந்தால் படித்த மகளையோ மகனையோ உடன் அழைத்துக் கொள்ளுங்கள்.

டுரியான் தீபூஸ் தொழிலாளர் தம் தட்டில் வைத்த அரிசி எது, ஏன் என்று கேட்க முடியாமல் உண்டார்கள். சிம்பாங் அம்பாட்டிலிருந்து அந்த ஊர் வெகு தொலைவில் இல்லை. அவர்கள் கேட்க முடியாததை நாம் இன்று கேட்கலாம். கேட்போம்.